மாற்றுத்திறனாளிகளும் நாடக அரங்கும்



தமிழர் பிழைப்பை நாடி எங்குச் சென்று குடியேறினாலும், அங்கே முதலில் ஒரு கோயில் எழும்; கோயில் எழுந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் திருவிழாவில் கூத்தோ நாடகமோ நிகழும். பிறந்த ஊரின் மண்ணைக் கொண்டுவர இயலாதவர் அதன் இரவுகளையேனும் உடன் கொண்டுவருகின்றனர். இதற்குக் கோலார் தங்கவயல் நல்ல சான்று. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே புதிய முறையில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து உழைப்பாளிக் குடும்பங்கள் சாரிசாரியாகச் சென்று மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் முதலிய இடங்களில் லைன் வீடுகளில் குடியேறின. வட ஆர்க்காடோ தெருக்கூத்து செழித்த நாடு. அங்கிருந்து சென்றவர்கள் கூத்துச் சுவையையும் உடன்கொண்டு சென்றது இயல்பேயாகும்.

அந்தத் தங்கவயலை மனத்தில் வைத்தே இன்று ஒரு பொருளைப் பற்றிச் சிந்திக்க விரும்புகிறோம். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர், மனவளர்ச்சியில் வேறுபட்டவர் ஆகியோருக்கு நம் நாடக அரங்கில் இடம் இருக்கிறதா என்பதே அப்பொருள்.

தங்கவயலை ஏன் நினைக்கிறோம்? சுரங்க வேலை மனித உடலின்மீது தன் முத்திரையைப் பதிக்காமல் விடுவதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. பாறையைத் துளைக்கும் எந்திரத்தின் ஓசை, நாள்தோறும் கேட்பவரின் செவிப்புலனை மெல்ல மெல்லத் தேய்க்கும். படிகப் பாறையின் நுண்தூசி நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தரும். அந்நோய் உற்றவர் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சுத் திணறி நிற்பர். ஆழத்தில் அழுத்தம் தாங்காது பாறை வெடித்துச் சிதறும்போது கையையோ காலையோ இழந்தவரும் உண்டு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. அங்கு உழைத்தவர்கள் இன்று முதியோர். அவர்களுடைய மக்களில் பலர் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். திருவிழா இரவில் நாடகம் நடக்கும்போது, அந்த முதியோர் எத்தனைபேர் அவையில் இருக்கின்றனர், எத்தனைபேர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடி ஒலிபெருக்கியின் இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கவயலுக்கு மட்டுமன்று, ஆலையும் துறைமுகமும் ரயில்வேயும் தேடித் தமிழர் சென்ற எல்லா ஊர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

இது சிலரைப் பற்றிய சிறு செய்தி என்று எவரும் கருத வேண்டா. 2011ஆம் ஆண்டின் குடிக்கணக்கு இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர் என்று காட்டியது. கருநாடகத்தில் மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் உளர். முதுமையினால் பார்வையும் செவியும் மங்கியவர்களையும் சேர்த்துக்கொண்டால், ஒரு குடும்பமேனும் விலக்காகாது.

அரங்கம் எல்லாருக்கும் உரியது என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் இதனை அறிவர். இருபத்துநான்கு பெருவிரல் அளவு கொண்ட கோலினால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைத்தார்கள் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அத்துடன் நில்லாது, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்தப்பட்டதையும் சொல்கிறார். நிழல் விழுந்தால் என்ன? அவையில் ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு ஆடுவோரின் முகம் மறைந்துபோகும். அவ்வாறு மறையக் கூடாது என்பதற்காகத் தச்சரும் விளக்கு ஏற்றுவோரும் அன்று முன்கூட்டியே கவலைப்பட்டனர். காண்பவருக்குத் தடை நேர்ந்தால் அதை அரங்கை அமைப்பவன் நீக்க வேண்டும். காண்பவன் தன் விதியென்று பொறுத்துக்கொள்ளல் ஆகாது. நாம் இன்று சொல்ல வந்ததன் அடிப்படையும் இதுவே.

தெருக்கூத்தை நோக்கினால் இன்னும் வியப்பாக இருக்கும். வேடம் புனைந்தவர் நேராக அவைமுன் வந்து நிற்பதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்றபடி, தாம் யார், எந்த நாட்டு அரசர், என்ன அணிந்திருக்கிறோம், எத்தகைய வீரர் என்றெல்லாம் விருத்தமாகப் பாடுவர். பின்னர்க் கட்டியக்காரன் அவரைக் கேள்வி கேட்டு, பாட்டில் வந்ததையே உரைநடையில் மீண்டும் வெளியாக்குவான். கண் தெரியாத ஒருவர் அந்த அவையில் அமர்ந்திருந்தால், துரியோதனன் வருகிறான் என்பதும், அவன் முடியும் கவசமும் எப்படியிருக்கின்றன என்பதும் செவி வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். மற்றொரு புறம், வேடத்தின் வண்ணமும் புயக்கட்டையும் கிரீடமும் அடவும் காது கேளாதவருக்குக் கதாபாத்திரத்தின் குணத்தைக் காட்டிவிடும். கூத்து நடப்பது திறந்தவெளியில். மேட்டில் ஏற வேண்டியதில்லை. இரவு முழுதும் நடப்பதால், குழந்தை அழுதாலும் ஒருவர் எழுந்து நடந்தாலும் எவரும் முகஞ்சுளிப்பதில்லை. இவையெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் அவர்களுக்கு உதவியாக இருந்தன.

சுவர்களும் படிகளும் வரிசை நாற்காலிகளும் இருட்டும் கொண்ட மண்டபத்துக்குள் நாடகம் நுழைந்தபோது, பல நன்மைகள் கிட்டின. இந்த உதவிகள் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. அவற்றை மீண்டும் உள்ளே அழைத்துவருவது எப்படி? தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பார்வையற்றோர். வானொலி கேட்பவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தொடங்கின. அன்றுமுதல் வானொலி நாடகம் எழுதியோர் கற்ற பாடம் ஒன்று: கேட்பவருக்குக் காட்சி இல்லை; ஆகவே கதவு திறப்பதும் மழை பெய்வதும் ஒருவர் எழுந்து போவதும் ஒலியாலோ சொல்லாலோ தெரிய வேண்டும். மேடை நாடகத்திலும் இவ்வாறு செய்ய முடியும். நாடகத்தின் வசனங்களை மாற்றாமல், வசனத்துக்கும் வசனத்துக்கும் இடைப்பட்ட மௌனத்தில், மேடையில் நிகழ்வதை ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்ல, அதனைப் பார்வையற்றவர் காதணிக் கருவி வழியாகக் கேட்பது அம்முறை. இதனை ஒலிவழி வருணனை எனலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து அரினா ஸ்டேஜ் என்னும் அரங்கில், பெர்னார்ட் ஷாவின் ‘மேஜர் பார்பரா’ நாடகத்துக்கு 1981ஆம் ஆண்டில் இவ்வாறு வருணனை அளித்தனர். அதனை முன்னின்று நடத்திய மார்கரெட் ஃபான்ஸ்டீல் அம்மையார் தாமே பார்வை இழந்தவர். பார்வையற்றோருக்காகச் செய்தித்தாளையும் நூலையும் படித்துக் காட்டும் வானொலிச் சேவை ஒன்றை 1974இல் நிறுவியவர். வானொலியிலிருந்தே இக்கலை அரங்கத்துக்குச் சென்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்குவோம். அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்தை அறியாத தமிழர் இலர். இறந்த மகனைச் சுமந்துகொண்டு சந்திரமதி சுடலைக்கு வருகிறாள். காவலனாக நிற்கும் அரிச்சந்திரன் கூலி கேட்கிறான். அவள் கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். தன் கணவனைத் தவிர வேறு எவர் கண்ணுக்கும் புலப்படாத தாலி அது. ஆகவே கேட்பவன் தன் கணவனே என்று அவள் உணர்கிறாள். இக்காட்சி முழுவதும் சொல்லாலேயே நிகழ்கிறது. பார்வையற்றவர் இதில் ஒன்றும் இழப்பதில்லை. காது கேளாதவரோ எல்லாவற்றையும் இழக்கிறார். பின்னர், மனைவியை வெட்டுமாறு ஏவப்பட்ட அரிச்சந்திரன் வாளை ஓங்குகிறான். அந்த இடத்தில் நல்ல நடிகர் சற்று நேரம் பேசாது நிற்பார். அவையே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும். காது கேளாதவர் இப்போது எல்லாவற்றையும் பெறுகிறார். பார்வையற்றவருக்கோ வெறும் அமைதி. ‘வாளை இரு கையாலும் ஓங்குகிறான், அவள் தலைகுனிந்து மண்டியிடுகிறாள், அவன் கை நடுங்குகிறது’ என்று மூன்று சிறு வாக்கியங்கள் அவர் காதில் விழுந்தால் போதும், அவரும் மற்றவரோடு மூச்சை அடக்கிக்கொள்வார்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாக உடைய நமக்கு, இதுவும் ஒரு மொழிபெயர்ப்பு என்றே தோன்றுகிறது. கண்ணின் மொழியிலிருந்து செவியின் மொழிக்குப் பெயர்ப்பது இது. மொழிபெயர்ப்பின் நெறிகளே இதற்கும் நெறிகள். இல்லாததைச் சேர்க்கலாகாது, உள்ளதை விடலாகாது, ‘அவன் துயரத்தில் ஆழ்ந்தான்’ என்று தம் முடிவைக் கூறாமல், ‘அவன் முகத்தை மூடிக்கொண்டான்’ என்று கண்டதைக் கூற வேண்டும். துயரத்தை உணர்வது கேட்பவரின் உரிமை. வருணனை செய்பவர் ஒத்திகைகளை இரண்டு மூன்று முறையேனும் இருந்து பார்த்து, குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும். நாடகம் தொடங்குமுன் பார்வையற்றவர்களை மேடைக்கு அழைத்து, கிரீடத்தையும் வாளையும் சிம்மாசனத்தையும் தொட்டுப் பார்க்கச் செய்வதும், நடிகர்கள் ஒவ்வொருவராகத் தம் குரலில் பேசிக் காட்டுவதும் பெரிதும் உதவும்.

அடுத்து, காது கேளாதோர். இவர்களுள் இரு வகையினர் உண்டென்பதை மறக்கலாகாது. பிறவியிலேயோ சிறுவயதிலேயோ செவிப்புலன் இழந்து சைகை மொழியைத் தம் மொழியாகக் கொண்டவர் ஒரு வகையினர். இவர்களுக்கு, சைகை மொழி அறிந்த ஒருவர் மேடையின் ஓரத்தில் நல்ல வெளிச்சத்தில் நின்று வசனங்களைப் பெயர்த்துத் தர வேண்டும். இவர்களது இருக்கைகள் அவர் நிற்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தியச் சைகை மொழியை வளர்ப்பதற்கென்றே 2015ஆம் ஆண்டில் புதுதில்லியில் ஓர் ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தை மத்திய அரசு நிறுவியுள்ளது. மற்றொரு வகையினர், எந்திர ஓசையாலோ முதுமையாலோ பின்னாளில் காது மந்தமானவர். இவர்களுக்குச் சைகை மொழி தெரியாது. காதுக்கருவி அணிந்திருப்போருக்கு, மண்டபத்தைச் சுற்றி ஒரு மின்கம்பியை வளையமாகப் பதித்து, ஒலிவாங்கியின் ஒலியை நேராக அக்கருவிக்கு அனுப்பும் முறை உள்ளது. பக்கத்தில் உள்ளவரின் பேச்சும் மின்விசிறியின் ஓசையும் இடையில் நுழையா. ஆனால் ஒலிபெருக்கியின் ஒலியை மேலும் மேலும் உயர்த்துவது உதவியாகாது. காது மந்தமானவருக்கு வேண்டுவது தெளிவான ஒலியே.

வசனத்தை எழுத்தாகக் காட்டுவது இன்னொரு வழி. மேடையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, ஒளிப்படக் கருவியால் வசனத்தை வரிவரியாகக் காட்டலாம். லண்டன் நேஷனல் தியேட்டரில், அணிந்திருக்கும் கண்ணாடியிலேயே வசனம் தோன்றும் கருவியை 2018ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். நமக்குத் துணியே போதும். ஆயின் எந்த எழுத்தில் காட்டுவது? வெளிமாநிலத் தமிழர் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. தமிழைப் பேசக் கேட்டுப் பொருள் உணரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கன்னடத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ படித்தவர்கள் அவர்கள். மேல்வரியில் தமிழ் எழுத்தும் கீழ்வரியில் அம்மாநில மொழிபெயர்ப்பும் காட்டினால், காது கேளாத தாத்தாவும் எழுத்துத் தெரியாத பேரனும் அண்டை வீட்டுக் கன்னட நண்பரும் ஒரே நாடகத்தை ஒரே நேரத்தில் சுவைக்கலாம். நாளடைவில் மேல்வரியைக் கீழ்வரியோடு ஒப்பிட்டுப் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் கூடும். ஒருவருக்காகச் செய்யும் வசதி பலருக்குப் பயன்படுவதை இங்கே காண்கிறோம்.

மூன்றாவது, நடக்க இயலாதவர்களும் மூச்சு இரைப்பவர்களும். இவர்களுக்கு வேண்டியது கொத்தனாரும் தச்சரும் செய்யக்கூடியது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கில் சாய்தளம் அமைத்தால் சக்கர நாற்காலியைத் துன்பமின்றித் தள்ளலாம். அதனினும் செங்குத்தாக இருந்தால் அது பெயரளவில் சாய்தளம், உண்மையில் ஆபத்து. சக்கர நாற்காலிக்கென்று விடும் இடம் கடைசி வரிசையின் மூலையில் இருத்தலாகாது. குடும்பத்தாருடன் சேர்ந்து அமரும்படி வரிசைகளின் நடுவிலும் ஓரத்திலும் இருக்க வேண்டும். கழிவறை வாயிலின் அகலத்தையும் பார்க்க வேண்டும். கழிவறைக்குப் போக முடியாது என்பதனாலேயே நாடகத்துக்கு வர மறுக்கும் முதியோர் எத்தனையோ பேர். சுரங்கத் தூசியால் நுரையீரல் நைந்தவருக்கு, மாடி மண்டபம் என்றால் அது அடைத்த கதவுக்குச் சமம்.

நான்காவது, மனவளர்ச்சியில் வேறுபட்ட சிறுவரும் பெரியவரும். திடீரென்று எழும் பேரொலியும் முழு இருட்டும் இவர்களை அஞ்சச் செய்யும். ஆண்டுக்கு ஒரு காட்சியையேனும் விளக்குகளை முற்றிலும் அணைக்காமல், ஒலியைத் தணித்து, விரும்பியபோது எழுந்து சென்று திரும்பி வரும் சுதந்திரத்துடன் நடத்தலாம். மேல்நாட்டார் இதனைப் புதுமுறையாகக் கைக்கொண்டுள்ளனர். நம் கூத்தில் இதுவே பழைய முறை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்திருத்தல் நலம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலைகளை மாற்றுத்திறனாளிகள் துய்க்கும்படி செய்வது அரசின், உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது. 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்தாண்டுக்குள் திருத்தி அமைக்கப் பணித்தது. விதிகள் 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயின. ஐந்தாண்டுக் காலமும் கடந்துவிட்டது. திரையரங்குகளில் காட்டும் படங்களுக்கு எழுத்தும் ஒலிவழி வருணனையும் வேண்டுமென்று செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நெறிமுறைகளை வெளியிட்டது. அவை திரைப்படத்துக்கு உரியவை. மேடை நாடகம் நடத்தும் நம் சங்கங்கள் யாரும் பணிக்கும் வரை காத்திராமல் தாமே முற்படலாம்.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். சாய்தளம் அமைத்து, இருக்கை தந்து, ஒருவரை மரியாதையுடன் உள்ளே அழைத்து அமர்த்திய பின், மேடையில் நொண்டியையும் செவிடனையும் திக்குவாயனையும் பரிகசித்துச் சிரிப்பு மூட்டினால், அவர் மறுமுறை வருவாரா? நகைச்சுவை என்ற பெயரில் இவ்வழக்கம் நம் நாடகங்களில் நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம், திரைப்படம் முதலியவற்றில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றி நெறிகளை வகுத்தபோது, அவர்களை இழிவுபடுத்தும் நகைப்பையும், அவர்கள் வாழ்வைப் புரிந்துகொள்ளச் செய்யும் நகைப்பையும் வேறுபடுத்திக் காட்டியது. வேறுபாடு மேடைக்கும் பொருந்தும். படியைத் திருத்துவது போலவே வசனத்தையும் திருத்த வேண்டும்.

மேலும், மாற்றுத்திறனாளிகள் அவையில் மட்டுமே இருக்க வேண்டியவர் அல்லர். பிறவியிலேயே பார்வையற்றவராகக் கூறப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிரபந்தங்கள் பல பாடிப் புகழ்பெற்றார். இரட்டைப் புலவருள் ஒருவர் நடக்க இயலாதவர், மற்றவர் பார்வையற்றவர். பார்வையற்றவர் தோளில் ஏறி அமர்ந்து மற்றவர் வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகச் சென்றனர். ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்தார் என்பது செவிவழிச் செய்தி. வழி சொன்னவர் செய்ததும் ஒலிவழி வருணனை அன்றோ? நம் காலத்தில், கொல்கத்தாவில் பார்வையற்ற நடிகர்களைக் கொண்டே பிளைண்ட் ஓபரா என்னும் குழு மேடை நாடகங்களை நடத்திக் காட்டியது. தாகூர் எழுதிய ‘ரக்தகரபி’ என்னும் நாடகத்தைத் தங்கவயல் தமிழர் எவரேனும் மேடையேற்றினால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுவதுண்டு. 1924ஆம் ஆண்டு வெளிவந்த அந்நாடகம், பொன் தோண்டும் தொழிலாளர் வாழும் ஓர் ஊரிலேயே நிகழ்கிறது. அதன் அரசன் பெரும்பகுதியும் வலைத்திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறான். அவன் குரல் மட்டுமே கேட்கிறது. பார்வை உள்ளவரும் இல்லாதவரும் அவன் முன் சமமானவர்களே. மேடைக்கும் ஒப்பனை அறைக்கும் செல்லும் வழி சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக இருந்தால், நடிப்பவர் வரிசையிலும் அவர்கள் நிற்பார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கே என்று சங்கத்துப் பொருளாளர் கேட்பது நியாயமே. ஆனால் எல்லாவற்றுக்கும் பெருஞ்செலவு ஆவதில்லை. நாடகம் நடக்கும் இடத்தைத் தரைத்தளத்தில் தேர்வதற்குச் செலவில்லை. அழைப்பிதழில், படிகள் உண்டா, சாய்தளம் உண்டா, எவரை அணுகி உதவி கேட்கலாம் என்று இரண்டு வரி அச்சிடுவதற்கும் செலவில்லை. கதைச்சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முன்கூட்டியே தரலாம். துணைக்கு வருபவருக்குக் கட்டணம் தள்ளலாம். நல்ல குரலும் நிதானமும் உள்ள ஒருவரை வருணனைக்குப் பழக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று: ஊரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் சிலரை அழைத்து, என்ன தடை, எது வேண்டும் என்று கேட்பது. அவர்களைக் கேளாமல் கட்டிய சாய்தளங்கள் பல, பூட்டிய கதவில் போய் முடிந்திருக்கின்றன.

‘அவர்கள் வருவதே இல்லையே, யாருக்காகச் செய்வது’ என்று சிலர் கேட்பர். பாலம் இல்லாத ஆற்றைக் காட்டி, இதனைக் கடப்பவர் எவரும் இலர், ஆதலால் பாலம் வேண்டா என்பது போன்றது அக்கேள்வி. முதல் ஆண்டு இருவர் வரலாம். அவர்கள் சொல்லி மறு ஆண்டு இருபதின்மர் வரலாம்.

நேயர்களே, 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் பெருநகரங்கள் பலவும் எண்ணெய் விளக்கோடு இருந்த நாளில், பொன் எடுக்க வேண்டுமென்று ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்தனர். பொன்னுக்காக அத்தனை தொலைவு மின்சாரத்தைக் கொண்டுவர முடிந்ததென்றால், அந்தப் பொன்னைத் தோண்டித் தந்தவர் நாடகம் பார்ப்பதற்காகப் பன்னிரண்டு அடி சாய்தளம் ஒன்றைக் கட்டுவதும், அவர் காதருகே மூன்று வாக்கியம் சொல்வதும் நம்மால் ஆகாதவை அல்ல. அடுத்த திருவிழாவுக்கோ பொங்கல் விழாவுக்கோ நாடகம் நடத்தத் திட்டமிடும் சங்கத்தார், முதற்கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்வார்களாக.